சேனாபதியின் பதினேழாம் கேள்வி

மடக்கு நாற்காலியை ஏசிக்கு நேர் கீழே இழுத்துப் போட்டு, லேப்டாப்பைத் திறந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்கிறார் சேனாபதி. சர்ச் ஹாலில், ரத்தச் சர்க்கரை பார்க்க வந்தவர்களின் வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது. அவர் வரிசையைப் பார்ப்பதில்லை. எக்ஸெல்லைப் பார்க்கிறார்.

சனிக்கிழமை தவறாமல் கேட்டி என்னும் மேற்குப் புறநகரிலிருந்து ஃப்ரீவேயில் ஐம்பது நிமிடம் ஓட்டி, ஹூஸ்டனின் கிழக்கே இந்தப் பேட்டைக்கு வந்துவிடுவார். மெக்ஸிகோ, ஹொண்டூராஸ்காரர்கள் வாழும் இடம். இங்கே இலவசப் பரிசோதனை நடத்தும் தொண்டு நிறுவனத்தில் அவர் டேட்டா வாலண்டியர். எண்ணெய்க் கம்பெனியில் இருபத்தாறு வருடம் குழாய்க் கசிவுகளை வரைபடமாக்கியவர். மனிதர்களும் ஏறக்குறைய அப்படித்தான் என்பது அவர் கட்சி. "ஏரியாவுக்குள்ள எறங்கி வேலை பாக்கோணுமுங்க" என்பார், நாற்காலியை விட்டு எழாமல்.

நாற்பத்திரண்டு கேள்விகளை எழுதி, செல்போனை வைத்து ஸ்பானிஷுக்கு மாற்றியது அவர்தான். ஆகஸ்ட் வெயிலில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் அவற்றைக் கேட்டு வந்தது ரொஸாரியோ. இரண்டு தெரு தள்ளி வசிக்கும் அந்த அம்மாள் அவரை 'தோன் சேனா' என்று அழைப்பார். அது மரியாதைச் சொல் என்று தெரிந்த நாளிலிருந்து ஈமெயிலின் அடியிலும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்கிறார்.

பதினேழாம் கேள்வி: உங்களுக்கு டயபெட்டிஸ் உண்டா? ஒன்பது பேர்தான் உண்டு என்றிருந்தார்கள். சேனாபதி அதை ரோஸ் நிறத்தில் ஒரு வட்டப்படமாக்கினார். நிறுவனத்தை நடத்தும் விசாலாக்ஷி பூரித்துப் போனாள். பணம் தரும் அறக்கட்டளையோ, நோயே இல்லாத இடத்தில் பரிசோதனை எதற்கு, அடுத்த மாதம் முதல் நடன வகுப்பு வைத்துக்கொள்ளலாம் என்றது. திங்கட்கிழமை முழு ரிப்போர்ட் போய்ச் சேர்ந்தால் முடிவு உறுதி.

இந்தச் சனிக்கிழமை ரொஸாரியோ நர்ஸின் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து லேப்டாப் மேல் போட்டார். "பாதிப் பேருக்கு இருநூறுக்கு மேல. இது நின்னா இவங்க வேற எங்கயும் போக மாட்டாங்க. உங்க கேக் பொய் சொல்லுது, தோன் சேனா."

"அது கேக் இல்லீங்க, சார்ட். டேட்டா பொய் சொல்லாது. மீட்டர் நர்ஸ் டிபார்ட்மென்ட்டு."

அப்போது போன் அடித்தது. எதையும் ஸ்பீக்கரில் பேசுவது அவர் வழக்கம். மறுமுனையில் மனைவி வசந்தாமணி.

"ஏனுங்க, சுகர் மாத்திரைய மேடை மேலயே வெச்சுட்டுப் போயிட்டீங்க. காலைல போடவே இல்லீங்களா?"

ரொஸாரியோவுக்குப் புரிந்தது ஒரே சொல். "சுகர்? உங்களுக்கும் அசூகாரா?"

"அசூகார்னா?"

"சர்க்கரைதான். இங்க எல்லாருக்கும் அசூகார் இருக்கு. டயபெட்டிஸ்னா அது முத்திப் போய் காலை வெட்டி எடுத்தவங்களுக்குத்தான்."

சேனாபதி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். கோயமுத்தூரில் அவர் சொந்தபந்தத்தில் பதினொரு பேருக்குச் சர்க்கரை. ஒருவருக்குக்கூட நீரிழிவு கிடையாது.

விசாலாக்ஷியை அழைத்தார். "மேடம், அந்த ரிப்போர்ட்டு தப்புங்க. அனுப்பிடாதீங்க. பதினேழாவது கேள்விய மாத்தி, இன்னைக்கே மறுபடியும் கேக்கறோம்."

"ஐயோ அங்கிள், ஸ்லைடு அவ்ளோ க்யூட்டா இருந்துச்சே!"

"க்யூட்டுதானுங்க. ஆனா தப்பு."

புதுக் கேள்வியோடு வரிசைக்குப் போனார். யாரும் வாய் திறக்கவில்லை. லேப்டாப்பும் கையுமாக நிற்கிற மனிதரிடம் எவர்தான் சர்க்கரையைச் சொல்வார்?

"முதல்ல நீங்க உக்காருங்க" என்றார் ரொஸாரியோ. "உங்களுக்கும் இருக்குன்னு தெரிஞ்சாத்தான் பேசுவாங்க."

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. சேனாபதி லேப்டாப்பை மூடினார். நர்ஸின் எதிரே உட்கார்ந்து இடதுகை விரலை நீட்டினார். மீட்டர் கீச்சென்றதும், எண்ணைப் பார்க்க ரொஸாரியோ குனிவதற்குள், வலது உள்ளங்கையால் அதைப் பொத்திக்கொண்டார்.