துரை மெத்தையும் சோளத்தோல் மெத்தையும்

ஜப்பான்காரன் மலாய் நாட்டுக்குள் வந்த பிறகு எங்கள் மலைத் தேயிலையைக் கேட்க ஆளில்லை. கப்பல் ஓடினால்தானே தேயிலைக்கு மதிப்பு. செடிகளைப் பிடுங்கிவிட்டுச் சோளமும் மரவள்ளியும் போடுங்கள் என்று உத்தரவு வந்தது. தேயிலைச் செடி வெளியே பார்க்க இடுப்பளவுதான் இருக்கும். வேர் பாதாளத்துக்குப் போயிருக்கும். என் கணவர் அதுவரை செடியின் தலையை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. அவரைத் தூர் பிடுங்கப் போட்டார்கள். ஒரு நாள் ஒரு பழைய தூரைக் கட்டிப்பிடித்து இழுத்தார். தூர் அசையவில்லை, இவருடைய இடுப்புதான் அசைந்தது. இரண்டு பேர் கைத்தாங்கலாக லயத்துக்குக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்கள்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பத்துக் குடும்பங்கள் வரிசையாக இருந்த லயத்தில் கடைசி வீடு எங்களுடையது. படுக்க ஒரு பலகை, பலகைமேல் பாய், பாய்மேல் சாக்கு. பலகை இடுக்கு வழியாக மலைக்குளிர் ஏறி நேராக அவர் இடுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். விடிந்ததும் அவரை எழுப்பி உட்காரவைப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடும். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு வராதவர்களுக்கு அரிசி கிடையாது. என் ஒருத்தியின் பங்கு அரிசியில் இரண்டு வயிறு கழுவினோம்.

பாயும் பலகையும் வேலைக்கு ஆகாது, இந்த மனுஷனுக்கு ஒரு மெத்தை வேண்டும் என்று முடிவு கட்டினேன். கடையில் வாங்கலாம் என்றால் பக்கத்து ஊரான தானா ராத்தாவில் கடை இருந்ததே தவிர, கடைக்குள் சாமான் இல்லை. உடுத்தத் துணியில்லாமல் சாக்கைத் தைத்துக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் மெத்தைக்கு எங்கே போவது?

அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்கா ஒரு சேதி கொண்டுவந்தாள். மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று ஜெபம் சொல்லும்போதும் ஒரு காது ஊர் வம்பிலேயே இருக்கும் அவளுக்கு. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சண்டைக்குப் பயந்து ஓடிய பிறகு அவருடைய பங்களாவில் ஒரு ஜப்பான் அதிகாரி குடிவந்திருந்தான். அவனுக்குக் கட்டிலில் தூக்கம் வரவில்லையாம். தரையில் விரித்துப் படுக்கிறவனாம். துரையின் மெத்தையைக் குசினிக்குப் பின்னால் தூக்கிப் போடச் சொல்லிவிட்டானாம்.

"மழையில நனையறதுக்குள்ள போய்த் தூக்கிட்டு வந்துடலாம், வா தங்கச்சி," என்றாள்.

பங்களாச் சமையல்காரர் எங்களைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அதுவே பெரிய உபகாரம். ஆளுக்கொரு முனையைத் தலையில் வைத்துக்கொண்டு தேயிலைக் காட்டு வழியாக இறங்கினோம். மெத்தை எங்களைவிடக் கனம். உள்ளே இருந்த கம்பிச் சுருள்கள் ஒவ்வொரு அடிக்கும் கிறீச் கிறீச் என்றன. சீமையிலிருந்து வந்தது, நீலக்கோடு போட்ட உறை, ஓரத்தில் பட்டன். லயத்துப் பிள்ளைகள் பின்னாலேயே ஊர்வலம் வந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சீமைச் சரக்கு என்றால் உசத்தி என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்வது. துரை நல்ல கனத்த மனிதர். வருஷக்கணக்காக ஒரே இடத்தில் படுத்திருக்கிறார். நடுவில் அவர் அளவுக்கு ஒரு பள்ளம். துரை ஓடிவிட்டாரே தவிர அவர் உடம்பு எங்களோடுதான் இருந்தது. என் கணவர் எந்த ஓரத்தில் படுத்தாலும் உருண்டு அந்தப் பள்ளத்துக்குள் போய்விடுவார். பின்னாலேயே நானும் போய் அவர்மேல் விழுவேன். முதல் இரண்டு நாள் சிரித்தோம். பிறகு அவருடைய இடுப்பு வில்லாக வளைந்து நின்றுவிட்டது.

"மெத்துன்னு இருந்தா மட்டும் போதாது புள்ள. தாங்கணும்லா," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

துரை மெத்தையை அக்காவுக்கே கொடுத்துவிட்டேன். அவள் வீட்டுப் பிள்ளைகள் அதன்மேல் ஏறிக் குதித்தன. அவளுடைய கணவரும் ஆசையாகப் படுத்தார்.

அடுத்து எனக்கு வந்த யோசனை இன்னும் மோசம். தேயிலை சலிக்கும்போது பஞ்சுமாதிரி ஒரு தூசி பறக்கும். வேலையில்லாத பேக்டரியில் அது மூலை மூலையாகக் குவிந்து கிடந்தது. தொட்டால் பூனைக்குட்டியைத் தடவுவதுபோல இருக்கும். மூன்று சாக்கை ஒன்றாகத் தைத்து அதை அடைத்தேன். ஆஹா, என்ன வாசனை. ஆனால் எங்கள் மலையில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து போகும் என்பதை மறந்துவிட்டேன். சாக்கு ஈரமாகிச் சாயம் இறங்கிவிட்டது. காலையில் அவர் முதுகைப் பார்த்தால் திக்கான தேத்தண்ணி நிறம். அக்கா வந்து பார்த்துவிட்டு, "பால் ஊத்துனா குடிச்சுடலாம்," என்றாள். மெத்தையும் நாலே நாளில் அப்பளமாகத் தட்டையாகிவிட்டது.

மூன்றாவதாகக் கிடைத்ததுதான் சோளத்தோல். தேயிலையைப் பிடுங்கிய இடத்தில் போட்ட சோளம் முற்றிவிட்டது. மணியை எல்லாம் ஜப்பான்காரன் கொண்டுபோய்விடுவான். கதிரை மூடியிருக்கும் தோலை யாரும் சீந்தவில்லை. அதை மூட்டை மூட்டையாக அள்ளிவந்தேன். ஆணி அடித்த பலகையில் இழுத்து நார் நாராகக் கிழித்தேன். எங்கள் வெயிலை நம்பாமல் அடுப்புக்கு மேலே பரண் கட்டி, மொறுமொறுவென்று ஆகும்வரை காயவைத்தேன். சாக்கில் திணித்துத் திணித்து, முழங்காலால் அமுக்கி, இனி ஒரு நார்கூட நுழையாது என்ற பிறகுதான் வாயைத் தைத்தேன்.

அவர் அதில் மெல்லச் சாய்ந்தார். கொஞ்சம் அமுங்கியது, பிறகு அவரைத் தாங்கி நிறுத்தியது. கண்ணை மூடிக்கொண்டு, "இதான்," என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் இன்னும் நூறு மூட்டை கிழித்திருப்பேன்.

ஒரே ஒரு குறை. சோளத்தோல் பேசும். திரும்பிப் படுத்தால் சரசரவென்று சத்தம். லயத்தில் வீட்டுக்கு வீடு நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான், அதுவும் கூரைவரை எட்டாது. இளந்தம்பதிகள் திரும்பிப் படுக்காமலா இருப்பார்கள்? காலையில் தண்ணீர்க் குழாயடியில் அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி என்னிடம், "ராத்திரி நல்ல மழை போலிருக்கே. எங்க பக்கம் ஒரு பொட்டு விழலையே," என்பாள். நான் குடத்தை நிறைக்காமலே ஓடிவந்துவிடுவேன்.

ஆனால் இடுப்பு தேறியது. ஒரு மாதத்தில் விறகுக்கட்டைத் தூக்கினார். பெரட்டில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அரிசிப் பங்கு மறுபடியும் இரண்டானது. என் கைவேலையைப் பார்த்து நானே திருஷ்டி கழித்துக்கொண்டேன்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் கங்காணி எங்கள் வாசலுக்கு வந்தார். மென்றுகொண்டிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பேசினார்.

"சயாம்ல ரயில் ஓடச் சடக்கு போடுறானுங்களாம். ஆள் எடுக்க வர்ற வெள்ளிக்கிழமை லோரி வருது. முதுகு திடமா இருக்குற ஆம்பளைங்கதான் வேணுமாம்." என் கணவரை மேலும் கீழும் பார்த்தார். "உன்னைய எதுக்குடா நிமிந்து நடக்கச் சொன்னது?"

கீழே தாப்பா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து அப்படி லோரி ஏறிப்போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை என்று எங்களுக்குத் தெரியும். இவரில்லாமல் அந்த வீட்டில் நான் ஒரு ராத்திரிகூட இருக்க மாட்டேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"இடுப்பு இன்னும் வலிக்குதுன்னு நடிங்க," என்றேன்.

நடித்துக் காட்டினார். இடுப்பில் கை வைத்து, வாயைக் கோணி, இரண்டு அடி நடந்தார். மூன்றாவது அடியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கூத்தில் கோமாளி வேஷம்கூடக் கொடுக்க மாட்டார்கள். பொய் சொன்னால் காது சிவக்கிற ஜாதி அவர்.

"எனக்கு வராது புள்ள. நெசமா வலிச்சாத்தான் உண்டு," என்றார்.

இருவரும் ஒரே நேரத்தில் பக்கத்து வீட்டுத் தடுப்பைப் பார்த்தோம்.

அக்காவிடம் போய்த் துரை மெத்தையைத் திருப்பிக் கேட்டேன். வம்புக்காரி ஒன்றும் கேட்கவில்லை. "எடுத்துக்க. எங்க ஆளுக்கு அது செய்ய வேண்டியதைச் செஞ்சிருச்சு," என்றாள். உள்ளே அவள் கணவர் சுவரைப் பிடித்தபடி கேள்விக்குறியாக நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கக் கூடாது.

சோளத்தோலைச் சுருட்டி வைத்துவிட்டுச் சீமை மெத்தையை விரித்தோம். அவர் பள்ளத்துக்குள் இறங்கி, துரைக்கு ஒரு சலாம் போட்டுவிட்டுக் கண்ணை மூடினார். காலையில் எழுந்து சோம்பல் முறித்தார். வலி இல்லை. மறுநாளும் இல்லை. நான் அவ்வளவு நன்றாகக் குணப்படுத்தியிருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒருத்தி புருஷனுக்கு முதுகு வலிக்கவில்லையே என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுவதை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய், வெட்டிப்போட்ட தேயிலைத் தூர்களைச் சாயங்காலம்வரை சுமந்துவிட்டு வந்தார். அன்று நானும் அந்தப் பள்ளத்தில் இறங்கி, என் கனத்தையும் சேர்த்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை விடியும் நேரத்தில், "அய்யோ," என்றார். அப்படி ஒரு இனிமையான சத்தத்தை அதுவரை நான் கேட்டதில்லை.

பெரட்டில் ஆண்களை வரிசையாக நிறுத்தினார்கள். ஜப்பான் அதிகாரி ஒவ்வொருவர் தோளையும் முதுகையும் தட்டிப் பார்த்தான். இவரிடம் வந்து முதுகில் கை வைத்ததும் இவர் போட்ட சத்தத்தில் நடிப்பு என்பது ஒரு பொட்டுக்கூட இல்லை. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி மலாய் மொழியில், "சாக்கிட், துவான்," என்றார், நோயாளி என்று. அதிகாரி இவரைக் கையால் ஓரமாகத் தள்ளினான். அக்காவின் கணவரை அவன் தொடக்கூட இல்லை.

எதிர் லயத்து வாலிபர்களும், கல்யாணமாகி மூன்று மாதமான ஒருவரும் லோரியில் ஏறினார்கள். மூன்று மாதத்தில் வந்துவிடுவோம் என்று கையாட்டினார்கள். நானும் கையாட்டினேன். சண்டை முடிந்து வெகுநாள் கழித்து அவர்களில் ஒரே ஒருவர் மலையேறி வந்தார். யாரென்று சொன்ன பிறகுதான் எங்களுக்கு அடையாளம் தெரிந்தது.

என் கணவரின் இடுப்பு அதற்குப் பிறகு முழுசாகச் சரியாகவே இல்லை. எத்தனையோ படுக்கை மாற்றிப் பார்த்தோம். பிள்ளைகள் வளர்ந்து பட்டணத்திலிருந்து நல்ல விலையில் ஒன்று வாங்கிவந்து போட்டார்கள். எதில் படுத்தாலும் விடிந்ததும் எழுந்து உட்கார்ந்து, "அய்யோ, அப்பா" என்று ஒரு பாட்டம் முனகுவார். தைலம் போடுங்கள், டாக்டரைப் பாருங்கள் என்று பிள்ளைகள் கவலைப்படும். நான் அடுப்படியில் தேத்தண்ணி கலக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். முப்பது வருஷத்துக்கு மேல் கேட்டேன். ஒரு நாளாவது அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.