கிரகணத்தின் மேல் போட்ட பழி

சௌந்திரம் பிறந்தபோதே மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது. பால் கொடுத்தால் பாதி வெளியே வழியும். ஆட்டையாம்பட்டிக்குத் தெற்கே அந்தத் தோட்டத்து வீட்டில் காரணம் தேட யாரும் சிரமப்படவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரியான பெருமாயி, சூரிய கிரகணத்தன்று கன்று கத்துகிறதே என்று அரிவாளெடுத்துப் புல் அறுத்தாள். அந்த வெட்டுதான் பிள்ளையின் உதட்டில் விழுந்தது. மாமியார் முத்தாயம்மாள் இதைச் சந்தை வரைக்கும் சொல்லி வைத்தார். குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் பெருமாயியின் கையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சேலம் ஆஸ்பத்திரியில் உதட்டைத் தைப்பார்களாம் என்று அவள் சொன்னபோது, சாமி கொடுத்த தண்டனையைத் தைக்க முடியுமா என்று மாமியார் தடுத்துவிட்டார். கணவன் சின்னுசாமி அம்மாவை மறுத்துப் பேசியதில்லை. பெருமாயியும் தன் கையைத் தானே வெறுத்துக்கொண்டு கிடந்தாள்.

அடுத்த தை மாதம் மாமனாரின் தாயார் இறந்தார். ஒரே மகனான மாமனார் நாச்சிமுத்துவுக்குத் தலையையும் மீசையையும் மழித்தார்கள். அந்தக் கிடா மீசை இல்லாமல் பெருமாயி அவரைப் பார்த்ததே கிடையாது. குளித்துவிட்டு ஈரவேட்டியோடு வந்தவரின் மேலுதட்டில், பாதி பிளந்து கூடிப்போன பள்ளம் ஒன்று மூக்கடிவரை ஓடியது. எல்லோரும் திகைத்து நின்றார்கள். மாமியார் முகத்தில் மட்டும் ஆச்சரியம் இல்லை.

அதைக் கண்டதும்தான் பெருமாயிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. தெரிந்தே ஒருவர் பழி சொன்னார். தெரிந்தே இன்னொருவர் மீசைக்குள் ஒளிந்துகொண்டார்.

காரியம் முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்தாள். மறுநாள் காலை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமனார் முன்னால் போய் நின்றாள்.

"வண்டியப் பூட்டுங்க மாமா. சேலத்துக்குப் போகோணும்."

முத்தாயம்மாள் குறுக்கே ஏதோ சொல்ல வந்தார்.

"நீங்க பேசுனது போதுமுங்க அத்தெ" என்றாள் பெருமாயி.

வழி நெடுக மாமனாருக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டரம்மா குழந்தையைப் பார்த்துவிட்டு, இது சில குடும்பங்களில் வழிவழியாக வருவது, உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். கிரகணத்தால் இல்லையா என்றாள் பெருமாயி. நிலா சூரியனை மறைப்பதுதான் கிரகணம், அதனால் யார் உதடும் பிளக்காது என்றார் அவர்.

பெருமாயி திரும்பினாள். "நீங்களே சொல்லுங்க மாமா."

துண்டால் வாயைப் பொத்தியிருந்த நாச்சிமுத்து அதை விலக்கித் தன் உதட்டைக் காட்டி, "என்ற வம்சந்தானுங்க" என்றார்.

உதட்டைத் தைத்தார்கள். லேசான தழும்போடு நன்றாகவே கூடியது. ஊர் திரும்பிய பிறகு மாமனார் வருத்தம் சொல்லத் தயங்கித் தயங்கி வந்தார். என்னிடம் வேண்டாம், என் பேரைக் கெடுத்த இடத்திலெல்லாம் போய்ச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டாள். அவர் போய்ச் சொன்னாரோ என்னவோ. அந்த வருஷம் முழுக்கப் பெருமாயி மாமியார் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை.