தண்ணீர் புகாத கேமராவும் எங்கள் படகும்

காசு கொடுத்து மீன் பிடிக்க வருகிறவர்கள், பிடித்த மீனைத் திரும்பக் கடலிலேயே விட்டுவிட்டுப் போகிற படகில் போட்டோ எடுப்பது என் தொழில்.

சிரிக்காதீர்கள், போர்ட் பிளேயரில் இதுவும் ஒரு பிழைப்புதான். சுனாமியில் என் அண்ணன் ஆரோக்கியத்தின் வலை, இஞ்சின், படகு எல்லாம் ஒரே காலையில் போயின. அதற்குப் பிறகு சில வருஷம் யார் யார் படகிலோ போய்ப் பார்த்தான். கடைசியில் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து கூரை போட்ட படகு ஒன்றைப் பிடித்து, மெயின்லேண்டிலிருந்து தூண்டில் போட வரும் ஆட்களை ஏற்றிப் போகத் தொடங்கினான். அவர்களுக்கு வேண்டியது பெரிய பாரை மீன். அதோடு மல்லுக்கட்டி, தூக்கிக் காட்டி, உயிரோடு விட்டுவிட வேண்டும். ஆக, வீட்டுக்குக் கொண்டுபோக மிஞ்சுவது போட்டோ ஒன்றுதான். நான் அப்போது பஜாரில் ஒரு ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். "ஏட்டி ஜெனி, ஆடாம அசையாம உக்காந்திருக்க ஆளுகள எடுத்தது போதும், படகுக்கு வா" என்றான் அண்ணன். போனேன்.

கேமராவைத் தண்ணீரில் விட்டவர்கள், ஈரக் கையால் பட்டனை அமுக்கி ஏமாந்தவர்கள், ஊருக்குத் திரும்பிப் பார்த்தால் எல்லாப் படமும் மங்கலாக இருந்ததைக் கண்டு நெஞ்சடைத்துப் போனவர்கள் எல்லோருமே எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

இரண்டு பாலிதீன் பைகள்

முதல் பயணத்துக்கு என்னிடம் இருந்தது சாதாரண டிஜிட்டல் கேமரா. அதை ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பாலிதீன் பைகளில் போட்டு, லென்ஸுக்கு மட்டும் ஓட்டை விட்டு, ரப்பர் பேண்டால் இறுக்கியிருந்தேன். அன்று வந்தவர் சென்னையில் வங்கி மேனேஜர். தூண்டில் பிடித்த கை வீங்குகிற வரைக்கும் போராடி ஒரு பாரையைக் கொண்டுவந்தார். ஒரு சின்னப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி அதை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் பட்டனைத் தொட்டேன். லென்ஸ் பாதி வெளியே வந்தது. அதே நேரம் பக்கவாட்டில் ஒரு அலை ஏறி எங்கள் எல்லோரையும் நனைத்துவிட்டுப் போனது. கேமரா கரக் கரக்கென்று இரண்டு தரம் இருமியது. அப்புறம் சத்தமே இல்லை.

மீனை அதற்கு மேல் வெளியே வைத்திருக்க முடியாது. அண்ணன் அதை வாங்கித் தண்ணீரில் தலைகீழாகிவிடாமல் பிடித்து, அது செவுளை விரித்து மூச்சு வாங்கியதும் விட்டுவிட்டான். மேனேஜர் கோபப்படவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். மீன் போன இடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, அதைத் திரும்பக் கூப்பிட முடியாதா?"

கடையில் ஒரு வாளி

இனி பை, ரப்பர் பேண்ட் எதுவும் கிடையாது, தண்ணீருக்குப் பயப்படாத கேமராவோடுதான் படகில் ஏறுவது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். பஜாரில் அப்படிக் கேமரா வைத்திருந்தது ஒரே கடை. உரிமையாளர் தெலுங்குக்காரர். எங்கள் தீவு வழக்கப்படி பாதி ஹிந்தியிலும் பாதித் தமிழிலும் பேசுவார். முதலில் அவர் எடுத்துக் காட்டியதில், 'தண்ணீர் தெறித்தால் தாங்கும்' என்றுதான் பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. தெறிப்பது வேறு, முங்குவது வேறு. அதைத் தள்ளி வைத்தேன். இரண்டாவதில் லென்ஸ் மூக்கு மாதிரி வெளியே நீண்டு வந்தது. நீளுகிற மூக்குக்குள் உப்பும் மணலும் போகும். அதையும் தள்ளி வைத்தேன். மூன்றாவதில் லென்ஸ் உள்ளேயே இருந்தது, பேட்டரி மூடிக்கு இரண்டு பூட்டு இருந்தது, ஆன் செய்ததும் உடனே தயாரானது. மீன் நமக்காகக் காத்திருக்காது, அதனால் கடைசியில் சொன்னதுதான் ரொம்ப முக்கியம்.

"ஒரு வாளித் தண்ணி கொண்டாங்க" என்றேன். "அரே, நயா பீஸ் மேடம்!" என்று, புதுச் சரக்கு நனைந்துவிடுமே எனப் பதறினார். முக்கிப் பார்க்காமல் வாங்குவதில்லை என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ரொம்ப நேரம் கழித்து வாளி வந்தது. அதோடு நான் விடவில்லை. பையிலிருந்து அண்ணனின் கையுறையை எடுத்து மாட்டி, மீன் வழுவழுப்புக்குப் பதிலாகச் சோப்பு நுரையைத் தேய்த்துக்கொண்டு, ஒவ்வொரு பட்டனாக அமுக்கிப் பார்த்தேன். கேமரா முங்கியது, எழுந்தது, படமும் எடுத்தது. சோப்புத் தண்ணீர் வழிகிற கவுண்டரைத் துடைத்தபடி கடைக்காரர் கேட்டார்: "பஹன்ஜி, நீங்க கேமரா வாங்க வந்தீங்களா, துணி துவைக்க வந்தீங்களா?"

ஒரே ஒரு முடி

புதுக் கேமரா ஒரு சீசன் முழுக்க நன்றாக உழைத்தது. பிறகு ஒருநாள் லென்ஸ் கண்ணாடிக்கு உள்பக்கமாக ஆவி படிந்தது. வெயிலில் போனால் மறைந்தது, நிழலுக்கு வந்தால் திரும்ப வந்தது. பெட்டியோடு வந்த புத்தகத்தைத் தலைகீழாகப் படித்தும் எனக்குப் பிடிபடவில்லை. வீட்டில் சமையலறை மேஜையில் வைத்து மூடியைத் திறந்து, டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்தேன். மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தின் மேல், குறுக்காக, ஒரு தலைமுடி கிடந்தது. அதன் ஓரமாக ஒரு சொட்டுக் கடல் உள்ளே வந்திருக்கிறது. நல்லவேளை, சொட்டோடு நின்றது.

அன்று முதல் சில சட்டங்கள் போட்டேன். படகில் வைத்து மூடியைத் திறப்பதே இல்லை. பேட்டரியை முதல்நாளே சார்ஜ் செய்து வைத்துவிட வேண்டும். திரும்பி வந்ததும் மூடியைத் திறக்காமலேயே நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு உப்பை எடுக்க வேண்டும். பிறகு துடைத்து, உலர்ந்த கையோடு திறந்து, வளையத்தை மெல்லிய துணியால் சுற்றிலும் துடைக்க வேண்டும். பெரிய விஞ்ஞானத்தைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருக்க, அடுப்பின் முன்னால் நின்ற மதினி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "குக்கர் கேஸ்கட்ல ஒரு சோத்துப் பருக்கை ஒட்டியிருந்தாலே விசில் வராது. இதுக்கா ரெண்டு நாளா சாப்பிடாம கெடந்த?"

கறுத்துப் போன திரை

டெல்லிக்காரர் ஒருவர் என் கேமராவை வாங்கி நண்பரைப் படமெடுத்தார். கேமராவைப் படுக்கவாட்டில் பிடித்தபோது சரியாக இருந்தது. நிமிர்த்திப் பிடித்ததும் திரை கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. கெட்டுப்போன கேமராவைக் கொடுத்து ஏமாற்றுவதாக அண்ணனிடம் சத்தம் போட்டார். நான் வாங்கிப் பார்த்தேன், திரை பளிச்சென்று இருந்தது. அவர் பார்த்தார், கறுப்பு. இப்படி நாலைந்து தரம் கை மாறியது. கடலுக்குள் மீன் தெரிவதற்காக அவர் போட்டிருந்த விசேஷக் கறுப்புக் கண்ணாடியைக் கொஞ்சம் கழற்றச் சொன்னேன். கழற்றினார். திரையைப் பார்த்தார், படம் தெரிந்தது. திரும்ப மாட்டினார், திரும்பக் கழற்றினார். அப்புறம் ரொம்பப் பெருந்தன்மையாக என்னிடம் சொன்னார்: "தீக் ஹை, நான் ரிப்பேர் பண்ணிட்டேன்."

நாக்கு வைத்தியம்

மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நான் படம் எடுப்பேன். எனக்கு மூச்சு முட்டினால் மீனுக்கும் முட்டுகிறது, விட்டுவிட வேண்டும் என்று அர்த்தம். அந்த நேரத்தில் துணியைத் தேடி லென்ஸைத் துடைத்துக்கொண்டிருக்க முடியாது. ஒரு துளி தண்ணீர் கண்ணாடியில் நின்றால் போதும், சரியாக அது ஆளின் முகத்தின் மேல்தான் வந்து உட்காரும். மீன் தெளிவாக இருக்கும், பிடித்தவர் முகம் கரைந்து போயிருக்கும். ஈரத் துணியால் துடைத்தால் இன்னும் மோசம். பலநாள் பார்த்துப் பார்த்து நான் கண்டுபிடித்த வழி, லென்ஸ் கண்ணாடியை நாக்கால் ஒரு நக்கு நக்கி, சட்டென்று கடலில் ஒரு முக்கு முக்கி எடுப்பது. தண்ணீர் துளியாக நிற்காமல் தகடு மாதிரி வழிந்துவிடும். அதற்குள் படம் எடுத்துவிடலாம்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா மீனோடு தயாராக நின்றார். நான் என் வைத்தியத்தைச் செய்துவிட்டுப் படம் எடுத்தேன். நல்ல படம், இன்றைக்கும் எங்கள் படகுக்கு அதுதான் விளம்பரம். ஆனால் அவருடைய சின்ன மகள் மீனைப் பார்க்கவேயில்லை. என்னையே கண்கொட்டாமல் பார்த்துவிட்டு அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள்: "அம்மா, அந்த அக்காவுக்குப் பசிக்குது போல."

கச்சால் திருவிழா

வடக்கே திக்லிபூர்ப் பக்கம் போகும் நீண்ட பயணங்களுக்குச் சமையல் செய்ய முத்தையா மாமா வருவார். சொந்த மாமா இல்லை, மரியாதைக்குக் கூப்பிடுவது. அவருடைய குடும்பம் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து திரும்பி, நிக்கோபாரில் கச்சால் தீவுக்கு ரப்பர் வெட்டப் போனது. சுனாமி அவருடைய மனைவி மாரியாயியையும் வீட்டையும் சேர்த்துக் கொண்டுபோனது. முகாம்களில் இருந்துவிட்டு இப்போது போர்ட் பிளேயருக்குப் பக்கத்தில் கராச்சர்மாவில் மகளோடு இருக்கிறார். படகுத் துறையிலிருந்து நேராகப் படகுக்குள் கால் வைப்பார், படகிலிருந்து நேராகத் துறைக்கு. கடல் தண்ணீரில் கால் நனைத்து நாங்கள் பார்த்ததில்லை. மாரியாயியின் படம் ஒன்றுகூட அவரிடம் இல்லை. மகளுக்கு அம்மா முகம் மறந்துகொண்டே வருகிறது என்று ஒருமுறை சொல்லியிருந்தார்.

பெங்களூரிலிருந்து இரண்டு நண்பர்கள் வந்திருந்த ஒரு பயணத்தில், ஐஸ் எடுக்கத் திக்லிபூரில் நின்றபோது, கச்சாலில் மாமாவோடு வேலை பார்த்த ஒருவரை அவர் சந்தித்தார். அந்த மனிதர் குடும்பத்தோடு ஒரேயடியாக மெயின்லேண்டுக்குக் கப்பலேறப் போகிறவர். மூட்டை கட்டும்போது கிடைத்தது என்று ஒரு பழைய படத்தைக் காட்டினார். கச்சால் கோயில் திருவிழாக் கூட்டம். இரண்டாவது வரிசையில், தலையில் பூவோடு மாரியாயி. அந்த மனிதரின் மனைவியும் அதே படத்தில் இருந்தாள்; அதை அவர் எப்படிக் கொடுப்பார்? நான் அதை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, என் கேமராவால் கிட்டத்தில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஒரு சின்னத் தீவின் பாறைத் திட்டை ஒட்டி நங்கூரம் போட்டிருந்தோம். பெங்களூர் நண்பர்கள் இருவரையும் கரையில் வைத்துப் படமெடுக்க ரப்பர் படகில் இறங்கினேன். கேமராவின் கழுத்துப்பட்டை வளையம் உப்பில் அரித்துப் போயிருந்திருக்கிறது. பட்டை கையில் நின்றது, கேமரா கடலில் விழுந்தது. குதிக்கப் போன என் தோளை அண்ணன் பிடித்துக்கொண்டான். "ஏட்டி, எறங்காத! அந்தா தெரியுது பாரு ஓடை, முதல கெடக்கும். தண்ணி வத்தட்டும், பாறைமேல நடந்தே தேடலாம்."

பெங்களூர்க்காரர்களில் ஒருவர், போகட்டும், அடுத்த இடத்துக்குப் போவோம், நேரம் வீணாகிறது என்றார். நான் சொன்னேன்: "சார், உங்க மீன் படமும் அதுலதான் இருக்கு. அது போனா இன்னொரு மீன் பிடிக்கலாம். இவரு சம்சாரத்தோட மொகம் உலகத்துல வேற எங்கயும் கெடைக்காது. நான் வரல." அவர் முத்தையா மாமாவைத் திரும்பிப் பார்த்தார். மாமா அரிசி களைந்த சட்டியைக் கையில் வைத்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நண்பர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பலகையில் உட்கார்ந்தார்.

தண்ணீர் வற்றியது. பாறைகள் ஒவ்வொன்றாக முதுகைக் காட்டின. அண்ணன் ஓடைப் பக்கம் காவலுக்கு நின்றான். நான் இறங்கி நடந்தேன். பின்னால் சளப்பென்று ஒரு சத்தம் கேட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முத்தையா மாமா முழங்கால் தண்ணீரில் நின்றார். "அந்தப் பக்கம் நீ பாரு புள்ள, இந்தப் பக்கம் நான் பாக்குறேன்" என்றார். குனிந்து குனிந்து ஒவ்வொரு பள்ளமாகத் துழாவினோம். வெயில் சாயத் தொடங்கி, அண்ணன் கையை ஆட்டித் திரும்பி வரச் சொன்னபோதுதான் அவர் குரல் கேட்டது. "புள்ள! இந்தா கெடக்கு. நீயே வந்து எடு, நான் தொடல."

பவளப் பாறை இடுக்கில், ஒரு கடல் அட்டைக்குப் பக்கத்தில், கிடந்தது. அப்போதும் நான் மூடியைத் திறக்கவில்லை. குடிதண்ணீர் ஊற்றிக் கழுவி, துண்டில் ஒற்றி, காயவைத்து, அப்புறம்தான் ஆன் பட்டனை அமுக்கினேன். திரை எரிந்தது. மீன்களைத் தாண்டித் தாண்டி வந்து, திருவிழாப் படத்தில் நிறுத்தி, இரண்டாவது வரிசையைப் பெரிதாக்கிக் காட்டினேன். நண்பர்கள் இருவரும் மீனைக் காட்டச் சொல்லிக் கேட்கவே இல்லை. மாமா ஈர வேட்டியோடு அப்படியே உட்கார்ந்து, திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஒருவாட்டி போனவ, இந்தவாட்டி வந்துட்டா புள்ள."

இவ்வளவுக்கும் பிறகு தண்ணீர் புகாத கேமராக்களைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான்: 'தண்ணீர் புகாது' என்று பெட்டியில் அச்சடிக்கிறவர்கள் ஒருவர்கூட இதுவரை எங்கள் படகில் ஏறியதில்லை.