இருபதுக்குள்

முப்பது நிமிடம் ஆகும்வரை சிவரஞ்சனி யாரிடமும் பேச மாட்டாள். காற்று அடிக்கும் தொட்டியிலிருந்து முகந்த பழுப்புத் தண்ணீரை நீளமான கண்ணாடிக் குடுவையில் ஊற்றி மேசைமேல் வைத்துவிட்டு எதிரே முக்காலியில் உட்கார்ந்துகொள்வாள். சேறு மெல்லக் கீழே இறங்க வேண்டும், மேலே தண்ணீர் தெளிய வேண்டும். அதற்குள் போன் அடித்தால் எடுக்க மாட்டாள். பம்பு பார்க்கும் கொளஞ்சி வந்து, "பாப்பா, டீ ஆறுது" என்றால் கையை மட்டும் தூக்கிக் காட்டுவாள்.

"பிரசவ வார்டு வாசல்ல ஒக்காந்த மாதிரில்ல ஒக்காந்துருக்கு" என்று முனகிக்கொண்டே அவர் அந்த டீயையும் குடித்துவிடுவார்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில், ஒரு பொறியியல் கல்லூரி விடுதிக்குப் பின்னால் இருக்கிறது அந்தக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். ஆயிரத்து இருநூறு பேர் குளித்தது, துவைத்தது, கழுவியது எல்லாம் இங்கே வந்து சேரும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அந்த அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளியவைக்கும். சிவரஞ்சனிக்கு அவை 'பூச்சி'. வெளியே போகிற தண்ணீரில் மிச்சமிருக்கும் அழுக்கின் அளவு லிட்டருக்கு இருபது மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கல்லூரிக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்திருக்கும் அனுமதியில் அப்படித்தான் இருக்கிறது. போன வருடம் இருபத்தாறு வந்தது. பின்னாலேயே நோட்டீஸும் வந்தது.

அதற்கு முன்பும் அவள் நிம்மதியாக இருந்தவள் இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போனவள் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். தட்டில் ரசம் ஊற்றும் முன் டம்ளரை அசையாமல் வைத்து எவ்வளவு அடியில் தங்குகிறது என்று கவனிப்பாள். "அது ரசம்டி, குடிக்கறதுக்கு" என்பாள் அம்மா மருதாயி.

செந்துறைப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிறவள் மருதாயி. அந்தக் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் சிவரஞ்சனி, வேதியியல். பெண் பார்க்க வருபவர்களிடம் "எம்பொண்ணு கெமிஸ்ட்டு" என்று அம்மா சொல்வாள். எங்கே என்று கேட்டால், "காலேஜ்ல." அதற்குமேல் அம்மாவும் சொல்வதில்லை, மகளும் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டது பொய்யில் சேருமா என்று மறுநாள் பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வருவாள். இறங்கும்போது விடை கிடைத்திருக்காது.

மே மாதம் விடுதி காலியானதும் தொட்டியில் பூச்சிகள் பட்டினி கிடக்கும். அவற்றை உயிரோடு வைத்திருக்க வெல்லமும், கொளஞ்சி வீட்டு மாட்டுச் சாணமும் கரைத்து ஊற்றுவார்கள்.

"எம்மாட்டுக்கே நான் வெல்லம் வச்சதில்ல பாப்பா."

"ஒங்க மாட்டுக்கு வாயி இருக்குண்ணே, கத்தி வாங்கிக்கும். இதுங்க என்னா பண்ணும்?"

இந்த ஜூனில் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். வியாழக்கிழமை வந்து தண்ணீர் எடுப்போம் என்று வாரியத்திலிருந்து தகவல் வந்தது. ஞாயிறன்று பிள்ளைகள் திரும்பிவந்தார்கள். திங்கள் காலை குடுவையில் சேறு நன்றாக இறங்கியது. பூச்சிகள் பிழைத்துவிட்டன. அன்று மட்டும் அவள் டீயைச் சூடாகக் குடித்தாள்.

செவ்வாய் காலை தொட்டி முழுக்க வெள்ளை நுரை. முப்பது நிமிடம் ஆகியும் குடுவையில் தண்ணீர் அரிசி களைந்ததுபோல் கலங்கியே நின்றது. மூக்கில் பிளீச்சிங் பவுடர் வாடை ஏறியது. விடுதி மேலாளர் குருமூர்த்தியிடம் ஓடினாள்.

"வாரியத்துலேர்ந்து வராங்கல்ல? எல்லாப் பாத்ரூமும் பளிச்சுனு இருக்கணும்னு நாலு மூட்ட போடச் சொன்னேன்" என்றார் அவர், பெருமையாக.

"சார், அவங்க பாத்ரூம பாக்க வரல. தண்ணிய பாக்க வராங்க. பூச்சியெல்லாம் செத்துப்போச்சு."

"பூச்சி சாகத்தானேம்மா பிளீச்சிங் போடறது?"

அவள் விளக்கினாள். பாதியிலேயே அவர் முகம் மாறியது. "இந்தத் தடவயும் ஓவராச்சுன்னா பிளாண்ட்ட ஓட்டுற ஒங்க ஏஜென்சியவே மாத்திடுவாங்க. ஒனக்கும் வேல இருக்காது, சொல்லிட்டேன். பேசாம போர் தண்ணிய கலந்து வுட்டுடு."

"வேணாம் சார்."

"அப்ப ஒம்பாடு."

அவள் நேராகத் தொட்டிக்குத் திரும்பினாள். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலைக் குடியிருப்பில் இதே வேலை பார்க்கும் தோழி பூங்குழலிக்குப் போன் போட்டாள்.

"ஒரு டேங்கர் பூச்சி குடுப்பியாடி?"

"என்னமோ வூட்டுக்கு மாப்ள கேக்கற மாதிரி கேக்குற."

"மாப்ளக்கி நாலு வருஷம் கூட காத்துக் கெடக்கலாம். இதுக்கு நாளானிக்கி வரைக்குந்தான் நேரம்."

சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து மதியத்துக்கு டேங்கர் வந்தது. உயிருள்ள சேற்றைத் தொட்டியில் இறக்கினார்கள். புதன்கிழமை ஆறு தடவை குடுவை நிரப்பினாள். ஐந்தாவது தடவை மேலே இரண்டு விரல்கடை அளவுக்குத் தெளிந்தது. ஆறாவதில் நாலு விரல்கடை. ஆனால் தெளிவு வேறு, இருபது வேறு. அழுக்கை அளக்கும் சோதனை முடிய மூன்று நாள் ஆகும். கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

வியாழன் உச்சி வெயிலில் ஜீப் வந்தது. அதிகாரி லீலாவதி வெளியேறும் குழாயடியில் கேனைப் பிடித்து நிரப்பினார், மூடி முத்திரை வைத்தார், சிவரஞ்சனியிடம் கையெழுத்து வாங்கினார். கேனை வைக்க ஐஸ் பெட்டியைத் திறந்தபோது உள்ளே வெறும் தண்ணீர்தான் இருந்தது. காலையிலிருந்து இரண்டு இடம் சுற்றிய வெயிலில் ஐஸ் கரைந்துவிட்டிருந்தது.

"லேபுக்கு ஒண்ணர மணி நேரந்தானே. பாத்துக்கலாம்" என்றார் லீலாவதி.

"தாராளமா போகலாம் மேடம்" என்றார் குருமூர்த்தி.

சிவரஞ்சனி கேனைப் பார்த்தாள். கேன் சூட்டில் போனால், அதற்குள் இருக்கும் பூச்சிகள் வழியெல்லாம் மிச்ச அழுக்கைத் தின்றுகொண்டே போகும்; ஐஸில் இருந்தால்தான் அடங்கிக் கிடக்கும். இருபத்திரண்டு இருந்தால் அது பத்தொன்பதாகக்கூட அளவில் வரலாம். அவள் எதையும் கலக்கவில்லை, எதையும் திறந்துவிடவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். வேலை தங்கும். ஆனால் தொட்டியில் என்ன நடந்தது என்பது மட்டும் அவளுக்குக் கடைசிவரை தெரியாமல் போகும். நாளை காலை குடுவைக்கு எதிரே உட்கார்ந்து எதைப் பார்ப்பது?

டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

"மேடம், ஒரு நிமிஷம். ஒரே நிமிஷம்."

கேண்டீன் ஜூஸ் கடைக்கு ஓடினாள். குருமூர்த்தி "ஏம்மா, எங்க போற?" என்றது காதில் விழுந்ததோ இல்லையோ. ஒரு பிளாஸ்டிக் பேசின் நிறைய உடைத்த ஐஸோடு, துப்பட்டா நனைய, மூச்சிரைக்க வந்தாள். பெட்டியிலிருந்த தண்ணீரைத் தரையில் கவிழ்த்தாள். கேனை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் அதன் கழுத்துவரை ஐஸை இரண்டு கையாலும் அள்ளித் திணித்தாள். இடைவெளி இருந்த இடத்தில் விரலை விட்டு அழுத்தினாள். உள்ளங்கை சிவந்துபோனது.

"போதும்மா, கைய எடு" என்றார் லீலாவதி.

அவள் இன்னும் ஒரு பிடி அள்ளி மூடியின்மேல் வைத்தாள்.