ஏ மைனரும் என் இடது கையும்

பியானோ மூடியைத் திறந்தேன். கரப்பான்பூச்சி வாடை குப்பென்று அடித்தது. எனக்கு உடனே சாமி ஞாபகம் வந்தது.

குற்றம் என்னுடையதல்ல. மலேசியாவில் சிலிம் ரிவர் பக்கம் நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில், மாரியம்மன் கோயில் ஆர்மோனியப் பெட்டியிலும் இதே வாடைதான். வெள்ளிக்கிழமை பஜனைக்கு அதைத் திறந்தால் முதலில் கரப்பான் வரும், பிறகுதான் சுருதி வரும். கல்யாணம் ஆகும்வரை அந்தப் பெட்டி என் கையில்தான் இருந்தது. வலது கை கட்டைகளில் ஓடும். இடது கை பின்னாலிருக்கும் துருத்தியை விடாமல் அசைத்துக் காற்று அடிக்கும். கை நின்றால் காற்று நிற்கும், காற்று நின்றால் சாமி பாதிப் பாட்டில் தொங்கும்.

இந்தப் பியானோ மகளுக்காக வாங்கியது. அவள் பரீட்சைகளை முடித்துவிட்டு வேலைக்குச் சிங்கப்பூர் போய்விட்டாள். எங்கள் ஈப்போ வீட்டு ஹாலில் அது முறுக்கு டின்களையும் குடும்பப் படங்களையும் சுமந்துகொண்டு நின்றது. சித்தியவானில் இருக்கும் என் நாத்தனார் தன் மகளுக்கு அதைக் கேட்டாள். என் கணவர் என்னைக் கேட்காமலே தலையாட்டிவிட்டார். அதுவரை அந்த மரப்பெட்டி மேல் எனக்கு ஒரு பாசமும் கிடையாது. இன்னொருத்தி கேட்டதும் பொங்கி வந்துவிட்டது.

“நான் கத்துக்கப் போறேன்” என்றேன்.

“எதை?”

“பியானோவை.”

“இந்த வயசிலயா? முட்டி வலிக்குதுன்னு மாடிப் படியே ஏற மாட்டேங்கற.”

“கால்லயா வாசிக்கப் போறேன்?”

அவர் கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு நீதிபதி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். “சரி. தங்கச்சி லாரியோட வரட்டும். அவ முன்னால ரெண்டு கையும் சேத்து ஒன்னு வாசி. வாசிச்சா பியானோ இங்க. இல்லன்னா சித்தியவான்.”

சொல்லிக் கொடுக்க, பக்கத்துச் செமோரிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு தம்பி வந்தார். தேவாலயத்தில் வாசிக்கிறவர், என் வயதில் பாதிதான் இருக்கும். முதலில் மேஜர் ஸ்கேல் என்று ஒரு சுர வரிசையை வாசித்துக் காட்டினார். பள்ளி அணிவகுப்பு மாதிரி இருந்தது. அடுத்து இன்னொன்று.

“இது ஏ மைனர்க்கா. ஹார்மோனிக் மைனர். சோகமா இருக்கும்.”

சோகமா? அது எங்கள் கீரவாணி ராகம். தோட்டத்தில் அதை வைத்துக் கைதட்டி, தொண்டை கிழியக் கத்தி, பிறகு சுண்டலுக்கு அடித்துக்கொண்டோம். யாரும் அழுததாக ஞாபகம் இல்லை. இதுதான் வேண்டும் என்றேன். மேஜரை முதலில் படிக்கணும் என்றார். முறைத்தேன். அவர் வழிக்கு வந்தார்.

அது சின்னப் பாதைதான். ஏ என்ற கட்டையில் கிளம்பி, வெள்ளைக் கட்டைகளில் நல்ல பிள்ளையாக நடக்க வேண்டும். எஃப் வந்ததும் ஒரு பள்ளம். அதைத் தாண்டி ஒரு கறுப்புக் கட்டையில் குதிக்க வேண்டும். அங்கிருந்து வீடு, அதாவது அடுத்த ஏ, எட்டிப் பிடிக்கும் தூரம். பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வடிகாலைத் தாண்டுகிற மாதிரி. அந்தத் தாண்டலுக்காகவே எத்தனை தடவை வேண்டுமானாலும் கிளம்பலாம்.

வலது கை ஓடியது. இடது கையும் தனியாக விட்டால் ஓடியது. இரண்டையும் சேர்த்தால்தான் வம்பு. வலது கை வாசிக்கத் தொடங்கியதும் இடது கைக்குப் பழைய உத்தியோகம் நினைவுக்கு வந்துவிடும். பாதி வழியில் கட்டைகளை விட்டுவிட்டு அந்தரத்தில் எழும்பி, இல்லாத துருத்தியை அசைக்கும்.

“அக்கா, காத்து வேணாம்க்கா. இது தானா சத்தம் போடும்.”

“எனக்குத் தெரியுது தம்பி. கைக்குத் தெரியல.”

“பாக்க கோழி வெரட்ற மாதிரியே இருக்கு லா.”

நான் சிரித்தேன். அவர் போன பிறகு அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பாவம், அது தவறு எதுவும் செய்யவில்லை. ஒருவர் வாசிக்க ஒருவர் காற்று அடிப்பது என்பது அதற்குப் பழகிய ஏற்பாடு. என் குடும்பமும் ஏறக்குறைய அப்படித்தான் ஓடுகிறது. பியானோவை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை அன்றைக்குத்தான் வீம்பைத் தாண்டியது. அந்தக் கைக்கும் கட்டைகளில் ஒரு இடம் வேண்டும்.

நாத்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் வந்தாள். பின்னாலேயே லாரி. அவளுக்குப் பாலில்லாத தே ஓ தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டுப் பியானோ முன்னால் உட்கார்ந்தேன். கணவர் முறுக்கு டின்களை ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தார். என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

தொடங்கினேன். எஃப்-ஐ நெருங்கும்போது இடது கை எழும்பியது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி எழும்பியது. மறுபடி. கணவர் முகத்தில் வெளிச்சம் கூடிக்கொண்டே போனது. நாத்தனார் தே ஓவைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். எத்தனையாவது தடவையோ, இரண்டு கைகளும் ஒன்றாகப் பள்ளத்தைத் தாண்டின. மேலே போய், திரும்பி, ஒன்றாக இறங்கி வீடு சேர்ந்தன.

“சரி, பாட்டு எப்ப?” என்றார் கணவர்.

“இதுதாங்க.”

“இதுவா? எட்டுக் கட்டை ஏறி எறங்குறதுக்கா இம்புட்டுக் கூத்து?”

“ரெண்டு கையும் சேத்து ஒன்னுன்னுதான சொன்னீங்க?”

நாத்தனார் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. பியானோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, புள்ளைங்களும் இப்படித்தான் படிக்குமா? விட்டு விட்டு, திரும்பத் திரும்ப?”

“வேற எப்படி?”

“தெனமுமா?”

“தெனமும்தான். இது ஒரு மைனர். இன்னும் பதினொன்னு இருக்கு. பெறகு மேஜர் தனி.”

நாத்தனார் டம்ளரைக் கீழே வைத்தாள். “அண்ணே, லாரிக்காரன அனுப்பிடுங்க. நான் பாட்டு வரும்னு நெனச்சேன்.”

“ஏய், இவ இப்பத்தான் படிக்கிறா, அதான்…”

“எங்க வீட்டு ஹால் சின்னதுண்ணே.”

கணவர் வாசலுக்குப் போய் லாரிக்காரரிடம் ஏதோ முனகினார். ஜெயித்தேனா, துரத்தினேனா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. எதுவானாலும் பியானோ நகரவில்லை. நாத்தனாரை வழியனுப்ப வாசல் கேட் வரை போனேன். காரைக் கிளப்பியவள் கண்ணாடியை இறக்கினாள்.

“அண்ணி, நல்லா வாசிங்க.”

“சரி.”

“நான் சித்தியவான் போய்ச் சேந்த பெறகு.”