லேபிள் வண்டி லேட்டாக வந்த காலம்

மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசைக்கு ஒரு வாசனை உண்டு. பூச்சி அரிக்காமல் இருக்கப் போடுவார்கள். மத்தியானம் சோற்றைப் பிசைந்தாலும் விரலில் அதுதான் மணக்கும்... என்ன சோப்புப் போட்டாலும் போகாது.

சிவகாசியை அடுத்த எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி. அங்கே பேக்கிங்கில் நானும் ஞானசெல்வியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவோம். எத்தனை பெட்டியோ அத்தனைக்குத்தான் கூலி. வருஷம் இரண்டாயிரத்து மூணோ நாலோ இருக்கும்.

இரண்டு பேரும் ப்ளஸ் டூ எழுதியவர்கள். நான் பாஸ், ஆனால் காலேஜுக்கு அனுப்ப வீட்டில் வழியில்லை. செல்விக்கு பிசிக்ஸ் மட்டும் போய்விட்டது. அந்த ஒரு பேப்பரை எழுதிப் பாஸ் பண்ணினால் நர்சிங்கில் சேர்த்துவிடுவதாக, சாத்தூரில் நர்ஸாக இருந்த அவள் சித்தி சொல்லியிருந்தார்.

"ஒரே ஒரு பேப்பர். அத மட்டும் தாண்டிட்டேன்னா இந்தப் பச நாத்தத்துக்கு ஒரு பெரிய கும்பிடு" என்பாள்.

வீட்டில் அவளால் படிக்க முடியாது. போனதும் அடுப்பு, தண்ணீர்க் குடம், தம்பி தங்கச்சிகள். அவளுக்குப் படிக்க நேரம் கிடைத்தது கம்பெனியில்தான். எப்படி என்கிறீர்களா? எல்லாம் லேபிள் வண்டியின் புண்ணியம்.

லேபிள் சிவகாசி பிரஸ்ஸில் அடித்து வேனில் வரவேண்டும். அந்த வேன் ஒழுங்காக வந்ததாகச் சரித்திரமே இல்லை. ஒருநாள் மை காயவில்லை என்பார்கள். ஒருநாள் வேன் வேறு லோடுக்குப் போய்விட்டது என்பார்கள். ராக்கெட் பெட்டிக்குச் சங்குசக்கர லேபிள் வந்து இறங்கிய கூத்தும் உண்டு. போர்மேன் அண்ணாச்சி தலையில் அடித்துக்கொள்வார்.

"ஏ புள்ளைகளா, இன்னைக்கும் லேபிள் வரல. அங்கன வேப்ப மரத்தடியில போயி உக்காருங்க."

மற்றவர்கள் கூலி போகிறதே என்று பிரஸ்காரரைத் திட்டிக்கொண்டே போவார்கள். செல்வி மட்டும் சாப்பாட்டுப் பையிலிருந்து கைடை எடுத்துக்கொண்டு ஓடிவருவாள்.

"டீச்சரம்மா, கேள்வி கேக்கீகளா?"

டீச்சரம்மா நான்தான். நான் கேட்பேன், அவள் சொல்வாள். அச்சில் கலர் தள்ளி விழுந்து வீணாய்ப்போன லேபிளில் இருக்கும் குழந்தைப் படத்துக்கு இரண்டு மூக்குத் தெரியும். அதன் பின்பக்க வெள்ளையில் பிசிக்ஸில் வரும் கூலூம் விதியை எழுதி எழுதிப் பார்ப்பாள். இப்படி உட்கார்ந்தே பாதிப் புத்தகத்தை முடித்துவிட்டாள்.

அந்த வருஷம்தான் வெளியூரில் படித்துவிட்டு வந்த சின்ன முதலாளி ஆபீஸில் கம்ப்யூட்டர் வைத்தார். எந்த ஆர்டர் எப்போது போகணும், அதற்கு லேபிள் எப்போது அடிக்கணும், வேன் எப்போது கிளம்பணும்... எல்லாம் அதற்குள். வேன் டிரைவர் கையில் ஒரு செல்போன்.

ஒரு திங்கட்கிழமை நாங்கள் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கினால், எங்களுக்கு முன்னால் லேபிள் வேன் வந்து நிற்கிறது. பெண்கள் எல்லாருக்கும் வாயெல்லாம் பல். சின்ன முதலாளியே நேரில் வந்து சொன்னார்.

"இனிமே யாரும் சும்மா உக்காந்து கூலிய விட வேண்டியதில்லம்மா."

பொய் சொல்லக்கூடாது, மனுஷன் நல்லவர். சொன்னபடியே கூலி கூடியது. செல்வியும் முதல் வாரம் சந்தோஷமாகத்தான் இருந்தாள். அம்மாவின் உடைந்த மூக்குக் கண்ணாடியை மாற்றிக் கொடுத்தாள்.

இரண்டாவது வாரம் கேட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏ புள்ள, அந்த வண்டி இன்னைக்காச்சும் பஞ்சர் ஆகாதா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

வண்டி பஞ்சர் ஆகவே இல்லை. தப்பான லேபிள் வரவில்லை. இரண்டு மூக்குக் குழந்தையும் அப்புறம் வரவில்லை...

சாப்பாட்டு நேரத்தில் படித்துப் பார்த்தாள். கையைத் தேய்த்துக் கழுவிச் சாப்பிடுவதற்குள் மணி அடித்துவிடும். பஸ்ஸில் புத்தகத்தைத் திறந்தால் அவளுக்குக் குமட்டும். தீபாவளி சீசன் சூடுபிடித்த நேரத்தில் பரீட்சை வந்தது. லீவு போட்டு எழுதிவிட்டு வந்தாள். மரத்தடியில் படித்ததில் வந்ததை எல்லாம் எழுதினாளாம். மிச்சத்துக்கு வெறும் பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

ஃபெயில் என்று தெரிந்த அன்றைக்கு, அவள் பக்கத்தில் போய் நின்றேன். பசைக் கிண்ணத்தை இழுத்து வைத்துக்கொண்டாள்.

"விடுங்க டீச்சரம்மா... வண்டி வந்து நிக்கு, பாருங்க."

தை மாசம் அவளுக்குக் கல்யாணம். அச்சங்குளம் பக்கம் போனாள். அங்கேயும் பட்டாசுக் கம்பெனி வேலைதான் என்று கேள்விப்பட்டேன்.

வாரத்துக்கு ஒரு மணி நேரம் வேண்டுமென்று சின்ன முதலாளியிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். அதையும் சேர்த்தே கம்ப்யூட்டரில் போட்டிருப்பார். ஆனால் கேட்கலாம் என்றுகூட எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அதுவரை தானாகக் கிடைத்த நேரம் அது... அதைப் போய் எப்படிக் கேட்டு வாங்குவது? இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

நான் தபால்வழியில் படித்து, எங்கெங்கோ சுற்றி, இப்போது ஓசூர்க் கம்பெனி ஒன்றில் ப்ளானிங் பார்க்கிறேன். எந்த லோடு எந்த ரோட்டில் வருகிறது என்று போனிலேயே தெரிந்துவிடும். ஒரு லைன் சும்மா நின்றால் சுவரில் இருக்கிற டிவி சிவப்பாகக் காட்டும். அந்தச் சிவப்பு வராமல் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம். அதில் எனக்கு நல்ல பேர்.

போன வாரம் லோடு வராமல் ஒரு லைன் சிவப்பானது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். தூணோரமாக ஒரு பெண், மடியில் ஏதோ பரீட்சைப் புத்தகம். என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். பரவாயில்லை, உட்காரும்மா என்றேன். அவள் உட்காரவில்லை. தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மேடம்... லோடு வர்றதுக்கு இன்னும் எவ்ளோ நேரம் ஆகும்?"

என் கையில் போன் அதிர்ந்தது. பாழாய்ப்போன லோடு, கேட்டுக்குள் நுழைந்துவிட்டதாம்.

அதை அவளிடம் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.