போர்க்கல்லைப் படமெடுக்கப் போனேன்

ஆனி மாதக் கடைசியில், ஒரே ஒரு கல்லைப் படமெடுப்பதற்காகச் சொந்த ஊருக்குப் போய்வந்தேன். அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. முட்டு இரண்டும் போய்விட்டதால் தாம்பரம் வீட்டு மாடியை விட்டு இறங்குவதில்லை. "அந்தக் கல்லை ஒரு தடவை பாத்துட்டேன்னா போதும்லே" என்று மூன்று மாதமாக என்னைப் படுத்தி எடுத்துவிட்டார்.

முதல் உலகப் போர் முடிந்ததும் வெள்ளைக்காரன் எங்கள் ஊர்ச் சாவடிச் சுவரில் பதித்த கல் அது. இந்த ஊரிலிருந்து போருக்குப் போனவர்கள் இருபத்தேழு பேர், உயிர்விட்டவர்கள் ஐந்து பேர் என்று இங்கிலீஷில் எழுதியிருக்கும். பெயர் எதுவும் கிடையாது. மூட்டை மாதிரி கப்பலில் ஏற்றிக்கொண்டு போனவனுக்குப் பெயர் எதற்கு? அந்த ஐந்தில் ஒருவர் என் அப்பாவுடைய தாத்தாவின் அண்ணன். இராக் பக்கம் பஸ்ராவில் செத்தார் என்று மட்டும் தகவல் வந்தது. உடலும் வரவில்லை, தேதியும் வரவில்லை. திதி தெரியாததால் ஆடி அமாவாசைக்குத்தான் தாமிரபரணியில் அவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிறோம். ஒரு புகைப்படம்கூட இல்லை. அப்படி ஒரு மனிதர் இருந்தார் என்பதற்கு அந்தக் கல்தான் சாட்சி.

எழும்பூரில் இரவு ஏறினால் காலை ஏழரைக்கு நெல்லை ஜங்ஷன். படுக்கை வகுப்பு 415 ரூபாய். அங்கிருந்து செங்கோட்டை பயணிகள் ரயிலில் சேரன்மகாதேவிக்குப் பத்தே ரூபாய், அரை மணி நேரம். பஸ் என்றால் முக்கால் மணி, புழுங்கிச் சாவீர்கள். ஸ்டேஷனிலிருந்து ஊர் நான்கு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 120 ரூபாய். வழியெல்லாம் கார்ப் பருவ நெல் நடவு, கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் இந்த வயலில் நாற்றுப் பிடுங்கியவனைத்தான் பாலைவனத்தில் மூட்டை சுமக்கக் கொண்டுபோனார்கள் என்று நினைத்தால் ரசிக்கவா தோன்றும்?

"ஊர்ல யாரைப் பாக்கப் போறிய அண்ணாச்சி?" என்றார் ஆட்டோக்காரர்.

"சாவடிக் கல்லை."

"சாவடியா? அங்கன எல்லாத்தையும் மாத்திட்டாவளே. ஊரையே உங்களுக்கு அடையாளம் தெரியாது."

அவர் சொன்னது பொய்யில்லை. ஆள் பிடிக்க வந்தவர்கள் எங்கள் ஆட்களை வரிசையாக நிறுத்தி மார்பளவு எடுத்த ஆலமரத்தடியில் இப்போது பேட்டரி பைக் ஷோரூம். சாவடி இருந்த இடத்தில் தகரக் கூரை போட்ட பஸ் நிழற்குடை. பக்கத்தில் செல்பி எடுக்க, இதயம் போட்ட ஊர்ப்பெயர்ப் பலகை. கல்லை மட்டும் காணோம்.

ஊர்க் காரியங்களைப் பார்க்கும் சித்தப்பா வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்தார்.

"சித்தப்பா, கல்லு எங்க?"

"உள்ளதாம்லே இருக்கு. பழைய சுவரு நல்ல கெட்டி, இடிக்க மனசு வரல. அது மேலயே கிரானைட்டை ஒட்டிட்டோம்லா!"

நிழற்குடையின் பின்சுவரில் பளபளவென்று கறுப்புக் கிரானைட். உபயம் என்று தலைப்புப் போட்டு நன்கொடையாளர் பட்டியல். மூன்றாவது வரியில், தங்க எழுத்தில், என் அப்பாவின் பெயர்.

யாரைத் திட்டுவது? அப்பாவின் எண்பது நிறைவையொட்டி, ஊர் வாட்ஸ்அப் குழுவில் நிழற்குடைக்கென்று கேட்ட பணத்தை அவர் பெயரில் அனுப்பியது நான்தான். எந்தச் சுவர், அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டேனா? கும்பிடும் கைப் படத்தைப் போட்டுவிட்டு என் ஜோலியைப் பார்க்கப் போய்விட்டேன். அனுப்பினேன் என்று அப்பாவிடம் சொல்லி நல்ல பெயரும் வாங்கியாயிற்று.

வீடியோவில் அப்பா காத்திருந்தார். காட்டினேன், பழைய கல் அதற்குள்ளே இருப்பதையும் சொன்னேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"செத்தவனுக்குப் பேரு இல்ல. உசுரோட இருக்கவனுக்குக் கல்லு வச்சிருக்கிய. அவன் மூஞ்சில என் பேரை ஒட்டிட்டியேலே, பாவி" என்றவர் அழுதுவிட்டார். அம்மா இறந்தபோதுகூட அவர் என் முன்னால் அழுததில்லை.

கொத்தனாரை வரவழைத்தேன். தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பசை போட்டு ஒட்டியிருக்கு அண்ணாச்சி. பேத்தா பழைய கல்லும் சேந்து நொறுங்கிரும். எழுத்தை வேணும்னா தேச்சிரலாம்."

அப்பாவிடம் கேட்டேன். "தேச்சிரு" என்றார்.

"உசுரோட இருக்க அப்பன் பேரை எவனாவது அழிப்பானாலே? வெளங்குவியா நீ?" என்று சித்தப்பா குதித்தார். கொத்தனாருக்கு வேலை இருபது நிமிஷம். பெயர் இருந்த இடத்தில் உரசிய வெள்ளைத் தடம் மட்டும் மிஞ்சியது. அதைப் படமெடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

போக நினைப்பவர்களுக்கு: காலை பதினொன்றுக்குள் போங்கள், அதன்பிறகு தகரக் கூரையின் கீழே நிற்க முடியாது. ஊரில் சாப்பாட்டுக் கடை கிடையாது, சேரன்மகாதேவியிலேயே சாப்பிட்டுவிடுங்கள். சொந்த ஊருக்குப் பணம் அனுப்புகிற புண்ணியவான்களே, எதை மூடப் போகிறார்கள் என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

அப்பா அந்தப் படத்தைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டச் சொன்னார். தினமும் பூ வைக்கிறார். வெறும் கறுப்புக் கல்லில் ஒரு வெள்ளைக் கீறல். இது என்ன படம் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால், "எங்க தாத்தாவுக்கு அண்ணன். பட்டாளத்துக்குப் போனாரு" என்கிறார்.